பம்பாயில் விதைத்தார், நெய்வேலியில் அறுக்க வந்தார்!

1956-ஆம் ஆண்டில் இந்த நாட்டில் மூன்று விதைகள் ஊன்றப்பட்டன.

ஒன்று, எட்டயபுரத்தில். பசித்த வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பகலில் ஒரு பிடி சோறு என்னும் விதை. இரண்டு, நம் கடலூருக்கு மேற்கே, செம்மண்ணும் முந்திரியும் சூழ்ந்த நெய்வேலியில். மண்ணுக்கடியில் உறங்கும் பழுப்பு நிலக்கரியை மக்களின் பணத்தால், மக்களின் பெயரால் வெட்டி எடுப்போம் என்னும் விதை. மூன்று, பம்பாயில். தொழிலதிபர்களும் நிதித்துறை வல்லவர்களும் கூடி, ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்று பெயரிட்டு அமைத்த மன்றம் என்னும் விதை.

முதல் இரண்டின் விளைச்சலை நாம் கண்ணால் கண்டோம்; உண்டோம்; விளக்கேற்றினோம். மூன்றாவது விதை முளைத்ததும் தெரியவில்லை, வேர்விட்டதும் தெரியவில்லை. ஆனால் அதன் கிளை இன்று நம் வீட்டுக் கூரைமேல் கவிந்திருக்கிறது. முதல் இரண்டு விதைகளின் பயனை “வீண் செலவு” என்றும், “இலவசம்” என்றும், “அரசுக்கு ஏன் இந்த வேலை?” என்றும் படித்த இளைஞரே பேசுகிறாரே, அந்தப் பேச்சு எந்த மரத்தின் கனி? அதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறேன், தோழர்களே!

கட்சியல்லாத கட்சி

சிந்தனைக் கூடம் என்கிறார்கள். ஆராய்ச்சி நிலையம் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் அறிவாலயமோ என்று கைகூப்பத் தோன்றும். ஆனால் அதன் இலக்கணம் என்ன? அது தேர்தலில் நிற்காது, ஆகவே தோற்காது. அது வாக்குக் கேட்டு வீதிக்கு வராது; ஆகவே வாக்காளனுக்கு விடை கூற வேண்டிய கடமையும் அதற்கில்லை. ஆட்சிக்கு வருபவன் எவனாயினும் அவன் மேசைமேல் தன் தாள் இருக்க வேண்டும், அவன் வாயில் தன் சொல் இருக்க வேண்டும் என்பதொன்றே அதன் குறி.

இந்தக் கலையை மேல்நாட்டார் எப்படிப் பயின்றனர் என்பதை அறிதல் நலம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மலைச்சரிவொன்றில் பொருளியல் அறிஞர் ஹாயெக் சிலரைக் கூட்டினார். மாண்ட் பெலரின் சங்கம் பிறந்தது. அரசு மக்கள் நலத்தில் தலையிடுவது அடிமைத்தனத்துக்கு வழி என்பது அவர் கொள்கை. அக்கொள்கையில் மனம் பறிகொடுத்தவர் ஆண்டனி ஃபிஷர் என்னும் ஆங்கிலேயர். அரசியலில் இறங்கட்டுமா என்று அவர் கேட்டபோது, வேண்டாம், கருத்தை மாற்றும் நிலையம் ஒன்றை நிறுவு என்று வழிகாட்டியவர் ஹாயெக். ஃபிஷர் கேட்டார், நடந்தார். கோழிப்பண்ணைத் தொழிலில் செல்வம் திரட்டிய அவர், 1955-இல் இலண்டனில் பொருளியல் விவகார நிலையத்தை நிறுவினார். இருபத்து நான்கு ஆண்டுகள் பொறுத்தார்கள்! 1979-இல் தாட்சர் அம்மையார் ஆட்சிப்பீடம் ஏறியபோது, அவர் கையில் இருந்தது அந்த நிலையம் வளர்த்த கருத்துதான்.

அமெரிக்காவில் இன்னும் வேகம். 1973-இல் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் தோன்றியது. மது வடிக்கும் ஆலையின் அதிபர் ஜோசப் கூர்ஸ் இரண்டரை இலட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தார். 1981-இல் ரீகன் குடியரசுத் தலைவரானபோது, எந்தத் துறையில் எதை வெட்ட வேண்டும், எவரை நீக்க வேண்டும் என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை அவர் கையில் வைத்தார்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் அதன் படிகள் வழங்கப்பட்டன. நாற்பதாண்டுகள் கழித்து, 2023-இல் ‘புராஜெக்ட் 2025’ என்ற பெயரில் அதே வேலையை மறுபடி செய்தார்கள். மக்கள் வாக்களித்தது மனிதருக்கு. அரியணை ஏறியது தாள்!

பம்பாயின் இரண்டு நாக்குகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பம்பாய் மன்றத்தை நிறுவியவர் ஏ.டி. ஷெராஃப். டாட்டா நிறுவனங்களில் உயர்பொறுப்பு வகித்தவர், நிதித்துறை வல்லுநர், 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்று வந்தவர். அறிவாளி என்பதில் ஐயமில்லை. அறிவாளி என்பதனாலேயே அவரை ஆராய வேண்டியிருக்கிறது.

அதே 1944-இல் ‘பம்பாய்த் திட்டம்’ என்று ஓர் அறிக்கை வெளிவந்தது. கையெழுத்திட்டவர் எண்மர். ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா, புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ், லாலா ஸ்ரீராம், கஸ்தூர்பாய் லால்பாய், அர்தேஷிர் தலால், ஜான் மத்தாய், ஷெராஃப். பதினைந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலிட வேண்டும், அடிப்படைத் தொழில்கள் வளர அரசு பெரும்பங்கு ஏற்க வேண்டும் என்று எழுதியவர்கள் பொதுவுடைமையாளர் அல்லர். நாட்டின் முதற்பெரும் முதலாளிகள்!

ஏன் எழுதினார்கள்? இரும்பாலைக்கும் அணைக்கும் மின்நிலையத்துக்கும் கொட்ட வேண்டிய பணம் மலையளவு. இலாபம் வருவதோ பல்லாண்டு கழித்து. அந்தச் சுமையை அரசு சுமக்கட்டும், அந்தச் சாலையில் நம் வண்டி ஓடட்டும் என்பது கணக்கு. சுமக்க அரசு வேண்டும் என்றபோது, அரசு என்பது அன்னை. 1956 சனவரியில் ஆயுள் காப்பீட்டை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. மக்கள் சேமிப்பென்னும் தேன்கூடு கைநழுவியது. உடனே என்ன ஆயிற்று? அன்னையாக இருந்த அரசு அரக்கியாகிவிட்டது! அதே ஆண்டில் மன்றம் எழுந்தது, “தொழில் சுதந்திரம் ஆபத்தில்” என்று.

பன்னிரண்டே ஆண்டுகளில் நாக்கு இரண்டாகியது. கொள்கை மாறவில்லை, தோழர்களே! இலாபம் எனக்கு, நட்டம் ஊருக்கு என்ற கொள்கை 1944-இலும் அதுதான், 1956-இலும் அதுதான்.

மன்றத்தின் துண்டுநூல்களில் ஷெராஃபின் வாசகமொன்று பொறிக்கப்பட்டு வந்தது. தனிமுயற்சி மனிதனோடு பிறந்தது, மனிதன் உள்ளவரை அது இருக்கும் என்பது அதன் கருத்து. இதைப் படித்தபோது எனக்கு வேறொரு குரல் காதில் விழுந்தது. வருணம் படைப்போடு பிறந்தது, அது அநாதி, அதற்கு அழிவில்லை என்று ஈராயிரம் ஆண்டுகளாக நம் காதில் ஓதிய குரல்! மனிதன் செய்த ஏற்பாட்டை இயற்கையின் ஏற்பாடு என்று சொல்லிவிட்டால், கேள்வி கேட்பவன் இயற்கைக்கே பகைவனாகிவிடுகிறான். ஆண்டவன் பெயரால் சொன்னால் சாத்திரம். சந்தையின் பெயரால் சொன்னால் பொருளியல். பகுத்தறிவாளனுக்கு இரண்டும் ஒன்றே. “எப்போது பிறந்தது? யார் பெற்றது? யாருக்குப் பால் கொடுத்தது?” என்று கேட்பதே நம் தொழில்.

மேடையும் நீதிமன்றமும்

கருத்தைப் பரப்ப மன்றம் கையாண்ட முறையை வியக்கத்தான் வேண்டும். குறைந்த விலைத் துண்டுநூல்கள், கல்லூரிகளில் சொற்பொழிவுகள், மாணவர்க்குப் பேச்சுப் போட்டிகள். எம்.ஆர். பய் போன்றவர்கள் அதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்து உழைத்தனர். 1965-இல் ஷெராஃப் மறைந்த பின்னும் வேலை நிற்கவில்லை. 1958-இல் பம்பாய் விடுதி ஒன்றின் சிறு கூடத்தில், பட்ஜெட்டை விளக்கி நானி பல்கிவாலா பேசத் தொடங்கினார். கூட்டம் வளர்ந்தது, கூடம் போதவில்லை, கடைசியில் பிரபோர்ன் கிரிக்கெட் மைதானமே வேண்டியதாயிற்று. 1994 வரை நடந்த அந்தப் பேச்சைக் கேட்டுத்தான், வரி என்பது கொள்ளை, அரசு என்பது ஊதாரி என்ற எண்ணம் நகர்ப்புற நடுத்தர மக்களின் நெஞ்சில் பதிந்தது. ஏழைக்கு அந்த மைதானத்தில் என்ன வேலை? பட்ஜெட்டால் அவன் அடுப்பு எரிகிறதா அணைகிறதா என்று பேச அங்கே யார் இருந்தார்?

1969 சூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. வழக்குத் தொடுத்தவர் ஆர்.சி. கூப்பர், சுதந்திராக் கட்சிக்காரர். வாதாடியவர் பல்கிவாலா. 1970 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லாது என்றது. அரசு புதுச் சட்டம் இயற்றித்தான் வங்கிகளை மீண்டும் பெற முடிந்தது. அதே ஆண்டில் மன்னர் மானியத்தை ஒழிக்க அரசு முயன்றபோது, மகுடமிழந்த மன்னர்களுக்காக நின்ற வழக்கறிஞரும் அவரே.

நேர்மையோடு ஒன்று சொல்ல வேண்டும். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்கலாகாது என்ற தீர்ப்பைப் பெறப் போராடியவரும் பல்கிவாலாவே. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும் இந்திரா அம்மையாரின் வழக்கைக் கைவிட்டவரும் அவரே. அந்தத் துணிவை நாம் மதிக்கிறோம். ஆளின் துணிவை மதிப்பது வேறு. அவர் நின்ற பக்கத்தை ஆராய்வது வேறு. பகுத்தறிவு நமக்குக் கற்றுக் கொடுத்த பாகுபாடு இது.

சென்னையில் முளைத்த கட்சி

1959 சனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை, நில உச்சவரம்பு என்று தீர்மானம் போட்டது. நிலமுள்ள நெஞ்சங்களில் நெருப்பு விழுந்தது. சூன் திங்களில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. தலைமகனாக இராசகோபாலாச்சாரியார், உடன் என்.ஜி. ரங்கா, மினு மசானி. பம்பாய் மன்றம் மூன்றாண்டுகள் துண்டுநூலில் எழுதியது இங்கே கட்சிக் கொள்கையாயிற்று. “பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்” என்ற சொற்றொடர் ஊரெங்கும் ஒலித்தது.

அந்தச் சொல்லில் உண்மையே இல்லையா? உண்டு. பர்மிட்டுக்கு வாயிற்படி ஏறியவனும் உண்டு, கைநீட்டியவனும் உண்டு. எல்.ஐ.சி. பிறந்த மறு ஆண்டே முந்த்ரா என்னும் வணிகனின் பங்குகளை வாங்கிச் சிக்கியது. 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியார் பதவி விலகினார். அரசு கைக்கு வந்ததெல்லாம் தூய்மை என்று சொல்பவன் ஏமாளி. ஆனால் வேலியில் ஓட்டை என்றால் ஓட்டையை அடைப்பதா, வேலியையே பிடுங்கி எறிவதா? வேலியைப் பிடுங்கு என்று அறிவுரை கூறுபவன் வீட்டில் எத்தனை ஆடு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

இன்னொரு முரண்பாட்டைப் பாருங்கள். தொழிலில் சுதந்திரம் வேண்டும் என்று 1959-இல் முழங்கியவர், 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக என்ன செய்தார்? கிராமத்துப் பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேரப் படிப்புப் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் தந்தார். முதலாளி எந்தத் தொழிலிலும் நுழையச் சுதந்திரம். வண்ணான் பிள்ளைக்கோ வெள்ளாவி! குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது. 1954-இல் அது ஒழிந்தது. எவருடைய சுதந்திரத்தைப் பற்றி அந்தக் கட்சி பேசியது என்பதை இந்த இரு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே விளங்கும்.

“1967-இல் அந்தக் கட்சியோடு தானே கழகம் கூட்டுச் சேர்ந்தது?” என்று நம்மை மடக்குவோர் உண்டு. மறைக்க வேண்டிய செய்தியா அது? இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் இருவரும் ஒரு பக்கம் நின்றனர். 1965 சனவரியில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் போலீஸ் குண்டுக்கு இரையானான். அந்த ஆட்சியை இறக்க வேண்டும் என்ற வேகம் நாட்டில் இருந்தது. கூட்டு நடந்தது, ஆட்சி வந்தது. பின் நடந்ததைப் பாருங்கள். 1961 சட்டப்படி 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக இருந்த நில உச்சவரம்பு, 1970-இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. 1972-இல் பேருந்துக் கழகங்கள் அரசுடைமையாய் எழுந்தன. தோணியில் ஒன்றாக ஏறியவர்கள் கரையில் ஒரே ஊருக்குப் போகவில்லை. தேர்தல் உடன்பாடு வேறு. மூளையை அடகு வைப்பது வேறு!

சுதந்திராக் கட்சி 1962-இல் மக்களவையில் 18 இடம் பெற்றது, 1967-இல் 44, 1971-இல் 8. 1974-இல் வேறொரு கட்சியில் கரைந்தது. வாக்காளன் அதை நிராகரித்தான். ஆனால் மன்றமோ சாகவில்லை. கட்சியைத் தோற்கடிக்க வாக்குச்சீட்டு உண்டு. கருத்தைத் தோற்கடிக்கக் கருத்துதானே வேண்டும்? 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டபோது, செத்த கட்சியின் கொள்கை, அதைத் தோற்கடித்த காங்கிரசின் கையாலேயே அரங்கேறியது!

நெய்வேலி சொல்லும் பாடம்

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். நெய்வேலியில் நிலக்கரி இருப்பது 1930-களிலேயே தெரியும். கிணறு தோண்டியபோது கறுப்பாய் வந்தது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தைக் கொடுத்தார். அப்படியிருக்க, இருபதாண்டுகளாகச் சுதந்திரத் தொழில்முயற்சி ஏன் அங்கே எட்டிப் பார்க்கவில்லை? ஒரு டன் கரி எடுக்கப் பல டன் மேல்மண்ணை வெட்டிக் கொட்ட வேண்டும். கரிக்கு அடியிலோ பீறிட்டெழக் காத்திருக்கும் ஊற்று நீர். இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். 1956-இல் நிறுவனம், 1957-இல் வெட்டத் தொடக்கம், 1961-இல்தான் கரி கண்ணில் பட்டது, 1962-இல்தான் மின்சாரம். ஐந்தாண்டுகள் ஒரு காசு வருவாயின்றிக் குழிக்குள் பணத்தைக் கொட்ட எந்த முதலாளி முன்வந்தான்? மனிதனோடு பிறந்த அந்தத் தனிமுயற்சி அப்போது எங்கே உறங்கியது?

குழி கரியாகி, கரி மின்சாரமாகி, மின்சாரம் இலாபமான பின்தான் குரல் எழுந்தது: “அரசுக்கு ஏன் வாணிபம்? பங்கை விற்றுவிடு!” 2002-இல் முயன்றார்கள். 2006-இல் 10 விழுக்காடு விற்பதென முடிவெடுத்தார்கள். தொழிலாளர் எழுந்தனர், கலைஞர் எச்சரித்தார், டெல்லி பின்வாங்கியது. 2013-இல் மறுபடி வந்தார்கள். அப்போது முதலமைச்சர் ஜெயலலிதா, அந்தப் பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களுக்கே தருக என்று கேட்டு, 3.56 விழுக்காட்டை ஐந்து அரசு நிறுவனங்கள் வாங்கின. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் ஒரே பக்கம் நின்றது எதனால்? நெய்வேலி என்பது வெறும் கரிக்கிடங்கன்று என்று தமிழகம் அறிந்திருந்ததால்.

அங்கே ஒரு வேலை என்றால், அதில் இடஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்டவனும் ஆதிதிராவிடனும் பழங்குடியினனும் பொறியாளனாக, கணக்கனாக உள்ளே நுழையச் சட்டம் திறந்த கதவு அது. பங்கு விற்பனை ஐந்தும் பத்துமாய்த் தொடங்கும். பாதிக்குக் கீழே போகும் நாளில் கதவு சாத்தப்படும். ஏர் இந்தியா 2022 சனவரியில் டாட்டாவிடம் போனது. அதோடு அங்கே இடஒதுக்கீடும் போனது. சமூகநீதியை நேரே நின்று எதிர்க்க இன்று எவனுக்கும் துணிவில்லை. ஆகவே சமூகநீதி வாழும் வீட்டையே விலைபேசுகிறார்கள். சிந்தனைக் கூடங்களின் அறிக்கையில் ‘திறமை’, ‘போட்டி’ என்ற சொற்கள் நிறைந்திருக்கும். ஒருவன் காலில் விலங்கு பூட்டி ஆயிரமாண்டு உட்காரவைத்துவிட்டு, விலங்கைக் கழற்றிய மறுநாளே பந்தயம் வைத்து, வென்றவனுக்குத் திறமை என்று பட்டம் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

இங்கும் நேர்மை வேண்டும். பொதுத்துறை என்ற பெயர் எழுதினால் பாவமெல்லாம் தீர்ந்துவிடாது. 2023 சூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், கதிர் விடும் பருவத்து நெல்வயலில் அதே நெய்வேலி நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின, கால்வாய் வெட்டுவதற்காக. உழவன் வயிறெரிந்தான், நாடு கண்டித்தது, ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தருமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நிலம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை ஒப்பந்தக் கூலியாய் நிற்பதும் பழங்கதையன்று. இதைக் கண்டிக்க நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அது நம் நிறுவனம் என்பதால் வந்தது! சட்டமன்றத்தில் கேட்கலாம், நாடாளுமன்றத்தில் கேட்கலாம், வாயிலில் நின்று கேட்கலாம். விற்றுவிட்டபின் யாரைக் கேட்பது? பங்குச்சந்தையையா?

கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையைப் பாருங்கள். நிலம் எடுத்துக் கொடுத்தது அரசு. சாலை போட்டது அரசு. தொழில் நடத்துவோரோ தனியார். குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் இரவில் மூச்சுத் திணறும் நெடியைப் பற்றியும் நிறம் மாறிய நிலத்தடி நீரைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். தாமே காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பக் கற்றனர். சட்டமும் கண்காணிப்பும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கட்டுப்பாடுகளைத் தளர்த்து என்று சிந்தனைக் கூடங்கள் கேட்கின்றன. ஆலையின் இலாபம் கணக்கேட்டில் ஏறுகிறது. மீனவன் மகளின் இருமல் எந்தக் கணக்கேட்டில் ஏறுகிறது?

வகுப்பறைக்குள் வந்த வாசகம்

கரும்பலகை முன் நிற்பது என் தொழில். ஆகவே பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. “அரசு பள்ளி நடத்துவானேன்? ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டால், விரும்பிய பள்ளியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?” என்று என் நண்பரொருவர் கேட்டார். தாமே கண்டுபிடித்த புதுமை என்றே எண்ணியிருந்தார் பாவம்! 1955-இல் அமெரிக்கப் பொருளியலர் மில்டன் ஃபிரீட்மன் எழுதியது அது. அதே ஆண்டில் அவர் இந்தியாவுக்கும் வந்து நிதியமைச்சகத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். 1997-இல் டெல்லியில் தோன்றிய ‘சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி’ என்னும் கூடம் 2007-இல் இதையே ‘பள்ளித் தேர்வுரிமை’ இயக்கமாக நடத்தியது. அமெரிக்காவில் எழுதியது டெல்லி வழியாக வந்து, நம் ஊர்த் தேநீர்க் கடையில் பொது அறிவாக உட்கார்ந்துவிட்டது. செல்வாக்கு என்பது இதுதான், தோழர்களே! எவன் சொன்னான் என்பதே மறந்துபோய், நாமே நினைத்ததாக நாம் நினைப்பது!

சீட்டு இருந்தால் போதுமா? சிதம்பரத்தைக் கேளுங்கள். ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குக் கல்விக்கதவு அடைத்துக் கிடந்ததால்தான், 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் அங்கே பள்ளி தொடங்கினார். அன்று அந்தப் பிள்ளைகள் கையில் சீட்டு இருந்திருந்தால் எந்த வாயிற்கதவு திறந்திருக்கும்? அவர்களுக்கில்லாதது காசு மட்டுமா? உள்ளே வா என்று சொல்லும் சமுதாயமே இல்லையே! சந்தை, வாங்கும் சக்தியைப் பார்க்கும், சாதியை ஒழிக்காது. அதே சிதம்பரத்தில் 1929-இல் ஒரு வள்ளலின் கொடையால் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழுக்கும் தமிழிசைக்கும் செய்த தொண்டு பெரிது. ஆனால் நிதி நெருக்கடியில் அது தள்ளாடியபோது, 2013-இல் சட்டமியற்றித் தாங்கிப் பிடித்தது எது? சந்தையா, அரசா?

இன்று கூடங்கள் பெருகிவிட்டன. 2009-இல் டெல்லியில் தொடங்கிய விவேகானந்தா பன்னாட்டு நிலையத்தின் நிறுவன இயக்குநர் அஜித் தோவல். 2014-இல் அவர் நாட்டின் பாதுகாப்பு ஆலோசகரானார். அங்கிருந்த நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளரானார். 2015-இல் திட்டக்குழு இருந்த இடத்தில் நிதி ஆயோக் வந்தது. அது தன்னைச் சிந்தனைக் கூடம் என்றே சொல்லிக்கொள்கிறது. முன்பு கூடம் அரசின் வாயிலில் காத்திருந்தது; இப்போது அரசே கூடமாயிற்று. 2022-இல் ‘இலவசக் கலாசாரம்’ என்று பிரதமரே எள்ளினார். அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. எட்டயபுரத்து விதையும் பம்பாய் விதையும் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கின்றன!

நாம் செய்ய வேண்டுவது

அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. அவர்களிடம் கற்க வேண்டியதைக் கற்க வேண்டும். பொறுமையைக் கற்போம்: ஃபிஷர் இருபத்து நான்கு ஆண்டு காத்தார். எழுத்தைக் கற்போம்: மன்றம் சிறு துண்டுநூலையே ஆயுதமாக்கியது. இளைஞரை நாடுவதைக் கற்போம்: பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவன் நாளை அமைச்சரின் செயலாளன் என்பதை அவர்கள் அறிவர். கூட்டத்துக்குக் கைதட்டவும் சுவரொட்டி ஒட்டவும் மட்டும் நம் இளைஞரைப் பழக்கினால், புள்ளிவிவரத்தோடு வருபவன் முன் நாம் வாயடைத்து நிற்போம். மால்கம் ஆதிசேஷையா 1971-இல் சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் மாநிலத் திட்டக்குழுவும் அமைந்தது. ஆராய்ச்சி முதலாளிக்கே உரியதன்று என்பதற்கு அவை சான்று. அத்தகைய ஆராய்ச்சி நம் வாசகசாலைகளுக்கு இறங்கி வர வேண்டும்.

ஓர் அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதை எழுதச் செலவழித்தவர் யார்? இதன்படி நடந்தால் யார் பெட்டி நிறையும்? யார் தட்டு காலியாகும்? இதைப் பேசிய கூடத்தில், அந்தத் தட்டுக்குரியவனுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டிருந்ததா? கடவுளின் பெயரால் வந்த ஏட்டையே கேள்வி கேட்டு நிறுத்திய பரம்பரை நாம். பேராசிரியர் பட்டத்தோடு வரும் ஏட்டுக்கு அஞ்சலாமா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாசகசாலை இருக்கிறது; மாலை நேரம் இருக்கிறது; படித்த இளைஞர் பத்துப் பேர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பட்ஜெட் வந்த மறுநாள், மைதானம் வேண்டாம், ஒரு திண்ணை போதும். நெய்வேலித் தொழிலாளியும் வளையமாதேவி உழவனும் குடிகாட்டுத் தாயும் அமர்ந்து கேட்க, தமிழில், கணக்கோடு, ஒருவர் எழுந்து விளக்கட்டும். பல்கிவாலா தொடங்கியதும் ஒரு சிறு கூடத்தில்தான். தொடங்குவீர், தோழர்களே!